கோரம் இல்லாத கூட்டங்கள்

ஆமான்னு போட்டுக்கிடுங்க. யோசிக்கவே வேண்டாம். மேயரை மக்களே நேரா ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கணுமா, இல்ல கவுன்சிலருங்க கூடித் தேர்ந்தெடுத்தாப் போதுமா, அதானே உங்க கேள்வி? மக்கள்தான். பேரு ஞானசுந்தரி. வயசு எழுபத்திரெண்டு. தொழில்னு ஒரு கட்டம் இருக்கா? ஓய்வு பெற்ற நர்ஸுன்னு போடுங்க. இல்ல, முன்னாள் நகர்மன்றத் தலைவர்னு போடுங்க. ரெண்டும் எழுத இடம் பத்துமா?

நிஜமாத்தாம்மா. கேட்டுல பேரு எழுதியிருந்துச்சு, பெயிண்ட் உதிர்ந்துபோச்சு, நீங்க கவனிச்சிருக்க மாட்டீங்க. இந்த ஊரு நகராட்சியா இருந்தப்ப அஞ்சு வருஷம் நான்தான் சேர்மன். கவுன்சிலருங்க கைதூக்கி வந்த சேர்மன் இல்ல. ஊரு ஓட்டுப் போட்டு வந்த சேர்மன். பதினெட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு ஓட்டு.

உள்ள வந்து உக்காருங்க. வெயிலு என்ன ஏறு ஏறுது பாருங்க. இன்னும் எத்தனை வீடு பாக்கணும்? நாப்பதா. இந்த வெயில்ல நாப்பது வீடு ஏறி இறங்கினா நாளைக்குப் படுத்துருவீங்க. நான் நர்ஸு, சொன்னாக் கேளுங்க. ஃபேனைப் போடறேன். மோர் குடிப்பீங்கல்ல? உப்புப் போட்டா, போடாமலா?

உங்க பேப்பர்ல ஆமா, இல்லைன்னு ரெண்டே கட்டம் வச்சிருக்காங்க. ஏன்னு கேட்டு ஒரு கட்டம் வச்சிருக்கணும். வைக்கல. சரி, நான் சொல்றேன். எழுதினாலும் சரி, எழுதாட்டியும் சரி.

முப்பத்தோரு வருஷம் இந்த ஊருப் பிரசவ ஆஸ்பத்திரியில வேலை பாத்தேன். இங்க நடமாடற ஆளுல பாதிப்பேரை இந்த உலகத்துல முதல்ல தொட்டது இந்தக் கைதான். கடைவீதியில போனா ஒரு பக்கம் "சிஸ்டர்"னு குரல் வரும், திரும்பறதுக்குள்ள இன்னொரு பக்கம் "சிஸ்டர்"னு வரும். கல்யாணம் பண்ணிக்கிடல. ஏன்னு கேக்காதீங்க, அது வேற கதை. ஆஸ்பத்திரியில இருக்கற வரைக்கும் தனியா இருக்கோம்கிற நெனப்பே வந்ததில்ல. வார்டு நெறைய ஆளு. எந்நேரமும் அழுகை, சிரிப்பு, சண்டை.

ரிட்டயர் ஆனேன். ஆன வருஷமே தேர்தல் வந்துச்சு. சேர்மன் பதவி பொம்பளைங்களுக்குன்னு ஒதுக்கியாச்சு. ரெண்டு கட்சிக்காரங்களும் வீட்டுப் பொம்பளைங்களை நிறுத்தினாங்க. ஒருத்தரு சம்சாரத்தை நிறுத்தினாரு, ஒருத்தரு மருமகளை நிறுத்தினாரு. ரேஷன் கடை வரிசையில நின்னப்ப பொம்பளைங்க எங்கிட்ட, "சிஸ்டர், நீங்க நில்லுங்க"ன்னாங்க. விளையாட்டாச் சொன்னாங்களோ என்னமோ, நான் நின்னுட்டேன். சுயேச்சை. கத்தரிக்கோல் சின்னம் குடுத்தாங்க. "எங்க தொப்புள்கொடியை வெட்டின கத்தரிக்கோலு"ன்னு பயலுக செவத்துல எழுதிப் போட்டானுக. நான் ஒரு காரு வைக்கல, மைக் வைக்கல. நடந்தேன். நடந்தே பதினெட்டாயிரத்து நானூத்திப் பன்னெண்டு.

சேர்மனை ஊரு தேர்ந்தெடுத்துச்சு. கவுன்சிலருங்களையும் ஊருதான் தேர்ந்தெடுத்துச்சு, வார்டு வார்டா. முப்பது வார்டு. அதுல இருபத்தொம்பது பேரு அந்த ரெண்டு கட்சி. வெளியில ஒருத்தரை ஒருத்தர் வெட்டுவேன் குத்துவேன்னு பேசிக்கிடுவாங்க. என் முன்னால வந்து உக்காந்தா எல்லாரும் ஒரே கட்சி.

துணைத்தலைவரை மட்டும் கவுன்சிலருங்களே தேர்ந்தெடுப்பாங்க. சீனிராஜ்னு ஒருத்தர் வந்தாரு. நாலாம் வார்டு. கெட்டவருன்னு சொல்ல மாட்டேன். குரலை உசத்திப் பேசமாட்டாரு, கும்பிடாம உள்ள வரமாட்டாரு. முதல் கூட்டம் முடிஞ்ச அன்னிக்கு என் அறைக்கு வந்து சொன்னாரு: "சிஸ்டர், ஒரு யோசனை. முப்பது பேரு வீட்டுக்கும் ஒரு நடை போயிட்டு வந்துருங்க. காபி குடிக்கலாம், பேசலாம். ஓட்டு உங்களுக்கு வந்திருக்கலாம். ஆனா மன்றத்துல கை தூக்கறது நாங்கதான்."

நான் என்ன சொன்னேன்கிறீங்க? "ஊரு என்னை அனுப்பியிருக்கு. நான் எதுக்கு வீடு வீடாப் போயி நிக்கணும்?" அவரு கும்பிட்டுட்டுப் போயிட்டாரு.

நான் சொன்னதுல தப்பு இருக்கா, நீங்களே சொல்லுங்க. நேரா மக்கள் ஓட்டுல வர்றதே அதுக்குத்தான. எவன் வீட்டுப் படியும் ஏற வேண்டாம்னுதான.

அதுக்கடுத்த ஏப்ரல்ல ஆரம்பிச்சாங்க. கூட்டம் காலைல பத்தரைக்கு. எல்லாரும் வருவாங்க, புத்தகத்துல கையெழுத்துப் போடுவாங்க, வணக்கம் சொல்லுவாங்க, உக்காருவாங்க. மேனேஜர் எந்திரிச்சு முதல் பொருளைப் படிக்க வாயத் திறப்பாரு. சீனிராஜ் எந்திரிப்பாரு. "எங்களைக் கலந்து பேசாம வச்ச பொருளுங்க. வெளிநடப்புச் செய்யறோம்." அம்புட்டுத்தான். நாற்காலி எல்லாம் கரகரன்னு பின்னால நகரும். அந்தச் சத்தம் இப்பவும் காதுல இருக்கு.

மூணுல ஒரு பங்கு ஆளாவது உள்ள இருந்தாத்தான் கூட்டம் செல்லும். பத்துப் பேரு இருக்கணும். அதுக்குக் கோரம்னு பேரு. கோரம் இல்லேன்னா அரை மணி நேரம் காத்திருக்கணும், அப்பவும் ஆளு வரலேன்னா ஒத்திவைப்புன்னு எழுதணும். அப்படித்தான் கமிஷனர் சொன்னாரு. நானும் மேடையில உக்காந்து அரை மணி நேரம் செவத்துக் கடிகாரத்தைப் பாப்பேன். பெரிய கூடம்மா அது. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம். எட்டு ஃபேனு ஓடும். கீழ ஒரு ஆள் இருக்காது. பதினெட்டாயிரம் பேரு ஓட்டுப் போட்டு அனுப்பின பொம்பளை, ஒத்தையில உக்காந்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கிட்டிருப்பேன்.

வேலுத்தாய் இருப்பா. பதினேழாம் வார்டு. அவ ஒருத்திதான் சுயேச்சை. கல்லுக்குழி காலனின்னு ஊருக்குக் கடைசியில, குவாரிக்குப் பக்கத்துல இருக்கு, அந்தப் பகுதி. தனி வார்டு. புருஷன் குவாரி விபத்துல போயிட்டான். இவ சித்தாள் வேலைக்குப் போயிக்கிட்டிருந்தவ. கூட்டம் இருக்கற அன்னிக்கு அவளுக்குக் கூலி கிடையாது. மஞ்சப் பையி ஒண்ணைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு வருவா. கடைசி வரிசையில உக்காருவா. மத்தவங்க எந்திரிச்சுப் போறப்ப எந்திரிக்க மாட்டா.

அவளைக் கணக்குல சேக்க முடியாதுல்ல. கோரத்துக்குப் பத்துப் பேரு வேணும். ஒருத்தி இருந்தா என்ன, இல்லாட்டி என்ன.

அவ எதுக்கு உக்காந்திருந்தான்னா, தண்ணி. கல்லுக்குழி காலனிக்குக் குழாயே கிடையாது. லாரி வந்தா உண்டு. நான் ஓட்டுக் கேட்டுப் போனப்ப அங்க பொம்பளைங்ககிட்டச் சொல்லியிருந்தேன், முதல் வேலை உங்க தண்ணிதான்னு. சொன்னதை மறக்கல. வந்த உடனே ஒரு திட்டம் தயார் பண்ணினேன். காலனி மேட்டுல ஒரு மேல்நிலைத் தொட்டி. அங்க இருந்து குழாய், காலனிக்கும் பக்கத்துல இருக்கற அஞ்சு வார்டுக்கும். மேல இருந்து அனுமதியும் வந்திருச்சு. மன்றம் தீர்மானம் போட்டு அனுப்ப வேண்டியதுதான் பாக்கி. மார்ச் முடியறதுக்குள்ள அனுப்பணும், இல்லேன்னா திட்டம் வேற ஊருக்குப் போயிரும்.

தெருவிளக்கு, குப்பை இதெல்லாம் கமிஷனர் அவரு அதிகாரத்துல எப்படியோ ஓட்டிக்கிட்டிருந்தாரு. தொட்டிக்குத் தீர்மானம் இல்லாம முடியாது. மாசா மாசம் அது அஜெண்டாவுல வரும். மாசா மாசம் கோரம் இல்லைன்னு எழுதுவாங்க. ஏப்ரல்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் பதினோரு கூட்டம்.

யாருகிட்டச் சொல்றது? வீட்டுக்கு வந்தா இதே நாற்காலிதான். ஆஸ்பத்திரிப் பிள்ளைங்க வருவாங்கன்னு நெனச்சேன். சேர்மன் ஆனப்பறம் யாரும் சும்மா வரமாட்டாங்கம்மா. மனு எடுத்துக்கிட்டுத்தான் வருவாங்க. கடைவீதியில "சிஸ்டர்"னு கூப்பிடறது நின்னுபோச்சு. "சேர்மன் அம்மா"ன்னு ஒதுங்கி வழி விடுவாங்க. ஒதுங்கி வழி விட்டா நாம நடந்து போக வேண்டியதுதான, நின்னு பேச முடியுமா?

கூட்டத்துல அந்த அரை மணி நேரம் எனக்கு டீ வரும். டவாலி சேவுகப்பெருமாள் கொண்டாந்து வைப்பாரு. கவுன்சிலருங்களுக்குக் கூட்டம் முடிஞ்சப்பறம்தான் டீ, கூட்டம்தான் நடக்கலையே. அதனால வேலுத்தாய்க்கு வராது. ஒரு நாள் அவ பனங்கிழங்கு அவிச்சு, பேப்பர்ல சுத்திக் கொண்டாந்து என் மேசையில வச்சா. "சாப்பிடுங்க சேர்மன் அம்மா, பசியா இருக்கும்"னா. எனக்குக் கிழங்கு சேராது, வாயு. சேவுகப்பெருமாள்ட்டக் குடுத்துட்டேன். சபையில வச்சு மேசையில சாப்பாட்டைப் பரப்பினா நல்லாவா இருக்கும்? அவளும் ஒண்ணும் நெனச்சுக்கிடல. போயி உக்காந்துக்கிட்டா.

பேச்சுன்னு பெருசா ஒண்ணும் இல்ல. "மணி என்ன ஆச்சு அம்மா"ம்பா. நான் சொல்லுவேன். "இன்னும் பத்து நிமிஷம்"பேன். மழை பேஞ்சா மழையைப் பத்தி ஏதாச்சும் சொல்லுவா. ஒரு தடவை எனக்குத் தலைவலி, கண்ணை மூடிக்கிட்டு உக்காந்திருந்தேன். எந்திரிச்சுப் போயி எனக்கு நேரா ஓடுன ஃபேனை அவளே குறைச்சுட்டு வந்தா. கடைசி வரிசையில உக்காந்திருந்தவ மாசம் போகப் போக முன்னால வந்திருக்கா போல. பிப்ரவரியில நிமிந்து பாக்கறேன், முன் வரிசையில இருக்கா. அது ஒண்ணாம் வார்டு கவுன்சிலர் இடம். அவ இடம் இல்ல. ஆனா யாரும் இல்லாத கூடத்துல எந்த இடமா இருந்தா என்னன்னு நானும் விட்டுட்டேன்.

மோர் இன்னும் கொஞ்சம் ஊத்தவா? சங்கடப்படாதீங்க. நெறைய இருக்கு. ஒரு ஆளுக்குத் தயிர் தோய்க்கத் தெரியல எனக்கு, எப்பவும் கூடிப்போகுது.

மார்ச் முதல் வாரம் சீனிராஜ் என் அறைக்கு வந்தாரு. கும்பிட்டாரு. உக்காந்தாரு. "சிஸ்டர், வர்ற கூட்டத்துல முப்பது பேரும் உக்காருவோம். தீர்மானம் போடுவோம். உங்களுக்கும் நல்ல பேரு, எங்களுக்கும் நல்ல பேரு."

"என்ன செய்யணும்?"ன்னேன்.

"தொட்டியைக் கல்லுக்குழி மேட்டுல வேண்டாம். நாலாம் வார்டுல நகராட்சி இடம் கிடக்குல்ல, அங்க வைப்போம். குழாய் முதல்ல டவுனுக்குள்ள இருக்கற ஆறு வார்டுக்கு. காலனி ரெண்டாங் கட்டத்துல வரட்டும்."

ரெண்டு நாள் யோசிச்சேன்னு சொல்ல ஆசைதாம்மா. யோசிக்கல. அங்கேயே சரின்னுட்டேன். திட்டம் கைவிட்டுப் போறதுக்கு ஆறு வார்டுக்காவது தண்ணி வந்தா நல்லதுதான? யாரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவாங்க. அது ஒரு காரணம். இன்னொண்ணு, அவரு "முப்பது பேரும் உக்காருவோம்"னு சொன்னாருல்ல, அதைக் கேட்டப்ப இங்க நெஞ்சுல என்னமோ செஞ்சுச்சு. நர்ஸு நான், நெஞ்சுல என்ன செய்யும்னு எனக்குத் தெரியும். இது அது இல்ல.

வேலுத்தாய்ட்ட முன்னாடியே சொல்லியிருக்கலாம்தான். அஜெண்டா எல்லாருக்கும் வீட்டுக்குப் போகும். படிச்சுத் தெரிஞ்சுக்கிடுவான்னு இருந்துட்டேன். அவ அஞ்சாவது வரைக்கும் படிச்சவ, அந்தக் கவர்மெண்ட் தமிழைப் படிச்சு என்ன புரிஞ்சிருக்கும்னு இப்பத் தோணுது.

அந்தக் கூட்டம் எப்படி இருந்துச்சுன்னு சொல்லணுமே. பத்தரைக்கு முன்னாலயே கூடம் நெறஞ்சுபோச்சு. எல்லாரும் வெள்ளை வேட்டி, பொம்பளைக் கவுன்சிலருங்க பட்டுச் சேலை. நான் உள்ள போனதும் எல்லாரும் எந்திரிச்சு நின்னாங்க. ஒருத்தரு, "சேர்மன் அம்மா மெலிஞ்சு போயிட்டீங்களே"ன்னு விசாரிக்கறாரு. இன்னொருத்தரு மக கல்யாணப் பத்திரிகை வைக்கறாரு. சத்தம்னா சத்தம். பழைய பிரசவ வார்டுக்குள்ள போன மாதிரி இருந்துச்சு. நான் அன்னிக்கு ரொம்பச் சிரிச்சேன்னு சேவுகப்பெருமாள் அப்பறம் சொன்னாரு.

வேலுத்தாய் வழக்கம் போல முன் வரிசைக்கு வந்திருக்கா. அங்க ஒண்ணாம் வார்டுக்காரர் உக்காந்திருந்தாரு. கொஞ்ச நேரம் நின்னு பாத்துட்டு, பின்னால போயி அவ இடத்துல உக்காந்தா.

மேனேஜர் ஏழாம் பொருள் படிச்சாரு. தொட்டி, நாலாம் வார்டு, ஆறு வார்டுப் பேரும் வரிசையாப் படிச்சாரு. எல்லாரும் மேசையைத் தட்டினாங்க. அந்தச் சத்தத்துக்கு நடுவுல இவ எந்திரிச்சு நிக்கறா.

"சேர்மன் அம்மா, ஒரு விளக்கம் வேணும்."

"சொல்லு."

"இதுல எங்க காலனி பேரைக் காணோமே."

"உக்காரும்மா, அப்பறம் பேசிக்கிடலாம்"னு யாரோ பின்னாலருந்து சொன்னாங்க. சிரிப்புச் சத்தம் கேட்டுச்சு. எனக்கு ஒரே பயம். ஏதாச்சும் வாக்குவாதம் வந்து இவங்க மறுபடி நாற்காலியைத் தள்ளிட்டு எந்திரிச்சிருவாங்களோன்னு பயம். மணியை அடிச்சேன். "காலனி ரெண்டாங் கட்டத்துல வரும். உக்காரு."

தீர்மானப் புத்தகத்துல, உறுப்பினரை அமருமாறு தலைவர் கேட்டுக்கொண்டார்னு எழுதியிருக்கும். நான் கேட்டுக்கொள்ளல. உக்காருன்னேன்.

அவ உக்காரல. கூடத்தைச் சுத்தி ஒரு பார்வை பாத்தா. ஒவ்வொரு வரிசையா, கடைசி வரைக்கும் பாத்தா. கோவமாப் பாத்த மாதிரி இல்ல. வீட்டைப் பூட்டறதுக்கு முன்னால அடுப்பு அமத்தியாச்சா, கதவு சாத்தியாச்சான்னு பாப்போம்ல, அந்த மாதிரி. அப்பறம் மஞ்சப் பையை எடுத்துக்கிட்டு வெளிய போயிட்டா. இருபத்தொம்பது பேரு உக்காந்திருக்காங்க, அவ இடம் மட்டும் காலி. யாரும் கவனிக்கக்கூட இல்ல. தீர்மானம் ஏகமனதா நிறைவேறியது.

அதுக்கடுத்த மாசம் ஏப்ரல். பத்தரை. எல்லாரும் வந்தாங்க. கையெழுத்துப் போட்டாங்க. மேனேஜர் வாயத் திறந்தாரு. சீனிராஜ் எந்திரிச்சாரு. "வெளிநடப்புச் செய்யறோம்."

அவங்களுக்கு வேண்டியது கிடைச்சிருச்சு. இதைக்கூட நான் எதிர்பாக்கல பாருங்க. கல்யாணப் பத்திரிகை வச்சவரு, மெலிஞ்சுட்டீங்களேன்னு கேட்டவரு, எல்லாரும் கரகரன்னு எந்திரிச்சுப் போயிட்டாங்க. வேலுத்தாய் கையெழுத்துப் போட்டுட்டு அவங்களுக்கு முன்னாலயே போயிருந்தா. நான் அரை மணி நேரம் உக்காந்திருந்தேன். அதுக்கு முன்னால பதினோரு தடவை உக்காந்த அரை மணி நேரம்தான், இந்தத் தடவை முடியவே மாட்டேங்குது. சேவுகப்பெருமாள் எட்டிப் பாத்து, "அம்மா, யாரும் இல்லையே, கீழ இருக்கற ஃபேனை எல்லாம் அமத்திரவா"ன்னு கேட்டாரு. அமத்துங்கன்னேன். ஒவ்வொண்ணா நின்னுச்சு.

ரெண்டாங் கட்டம் வரல. எப்படி வரும்? அதுக்கும் தீர்மானம் வேணும்ல. அஞ்சு வருஷம் அப்படியே ஓடி முடிஞ்சுது.

அப்பறம் ரொம்ப வருஷம் தேர்தலே நடக்கல. ஊரு மாநகராட்சி ஆச்சு. முப்பது வார்டை நாப்பத்தஞ்சா வெட்டினாங்க. மேயரைக் கவுன்சிலருங்களே தேர்ந்தெடுப்பாங்கன்னு மாத்தினாங்க. நாலஞ்சு பேரு எங்கிட்ட வந்து, வார்டுல நில்லுங்க, ஜெயிச்சா மேயருக்குப் பாக்கலாம்னாங்க. வார்டுல நின்னு, ஜெயிச்சு, அதுக்கப்பறம் நாப்பத்தஞ்சு பேரு வீட்டுப் படி ஏறணும். நான் ஊரு ஓட்டு வாங்கினவ. நிக்கல.

வார்டை வெட்டினப்ப எங்க தெரு வேலுத்தாய் வார்டுல போயிச் சேந்துருச்சு. அவ மறுபடி சுயேச்சையா நின்னா, ஜெயிச்சா. நான் யாருக்கு ஓட்டுப் போட்டேன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன்.

வேடிக்கை என்னன்னா, அந்த ரெண்டு கட்சிக்கும் ஆளுக்கு இருபத்திரெண்டு. நாப்பத்தஞ்சாவது ஆளு இவ. மத்த கவுன்சிலருங்களை எல்லாம் எங்கேயோ ரிசார்ட்டுக்குக் கூட்டிட்டுப் போயிப் பூட்டி வச்சிருந்தாங்க. இவ மட்டும் வீட்டுலயே இருந்தா. கல்லுக்குழி காலனிக்குள்ள கார் போகாது, பாதை அப்படி. மெயின் ரோட்டுல காரை நிறுத்திட்டு வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கிட்டு நடந்து போனாங்களாம், ரெண்டு பக்கத்துப் பெரிய ஆளுங்களும். சீனிராஜும் போயிருக்காரு. இவ எல்லாருக்கும் ஒரே பதில். "எங்க காலனிக்குக் குழாய். முதல் கூட்டத்துல முதல் தீர்மானம். எழுதிக் குடுங்க. இந்தப் பொம்பளைங்க முன்னால படிச்சுக் காட்டுங்க." ஒரு பக்கத்துக்காரங்க எழுதிக் குடுத்தாங்க. அவங்க மேயர் வந்தாரு. எட்டு மாசத்துல தண்ணி வந்துருச்சு.

சிரிக்கறீங்க. அப்ப இல்லைன்னுல போடணும்னு நெனைக்கறீங்க. அது எப்படி? அவ செஞ்சதுக்குப் பேரு பேரம்தாம்மா. நல்ல காரியத்துக்குத்தான், இல்லைன்னு சொல்லல. ஆனா நாப்பத்தஞ்சு வார்டுக்கும் மேயர் யாருன்னு ஒரு ஆளு முடிவு பண்ணினா அது முறையா? அந்த இடத்துல இவ இருந்ததனால தண்ணியைக் கேட்டா. வேற ஒருத்தன் இருந்தா என்னத்தைக் கேட்டிருப்பான்? எல்லா ஊருலயும் அந்த நாப்பத்தஞ்சாவது ஆளு வேலுத்தாயாவா இருப்பா? அதனால ஆமான்னே இருக்கட்டும். கோடு போட்டு அடிச்சுடாதீங்க.

நான் பாக்கப் போனேன், ரெண்டு மாசத்துக்கு முன்னால. பேப்பர்ல காலனிக் குழாயைப் படம் போட்டிருந்தாங்க. ஒரு ஆட்டோ பிடிச்சுப் போனேன். அவ வீட்டு முன்னால தகரக் கொட்டகை போட்டு, பெஞ்சு போட்டிருக்கு. பெஞ்சு பூரா ஆளு. எல்லார் கையிலயும் மனு. ஒரு பொண்ணு எங்கிட்ட, "பாட்டி, உங்களுக்கு என்ன, பென்சனா"ன்னு கேட்டுச்சு. இருபது வயசு இருக்கும். நான் பதவியில இருந்தப்ப அது சின்னப் பிள்ளையா இருந்திருக்கும், அதுக்கு எப்படித் தெரியும்.

வேலுத்தாய் பாத்துட்டா. "வாங்க சிஸ்டர்"ன்னா. சேர்மன் அம்மான்னு கூப்பிடல, சிஸ்டர்னா. உள்ள இருந்து ஒரு நாற்காலி கொண்டாந்து நெழல்ல போட்டா. "இந்தா வந்துர்றேன்"னு சொல்லிட்டு ஒவ்வொரு மனுவா வாங்கிப் பாத்தா. எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்பிடறா. நான் முக்கால் மணி நேரம் உக்காந்திருந்தேன். எல்லாரும் போனப்பறம் வந்து பக்கத்துல பெஞ்சுல உக்காந்தா.

"எதுக்கு சிஸ்டர் வெயில்ல இம்புட்டுத் தூரம்? சொல்லிவிட்டா நானே வந்திருப்பேன்ல. தெருவுல என்ன பிரச்னை?"

"பிரச்னை ஒண்ணும் இல்ல. சும்மா வந்தேன்."

சும்மா வந்தா என்ன பேசுவாங்க? இம்புட்டு வருஷமா மனசுல கிடந்ததைக் கேட்டுட்டேன்.

"அன்னிக்கு நீ எந்திரிச்சுப் போனது எனக்கு ரொம்பச் சங்கடமாப் போச்சு. காலனிக்கு ரெண்டாங் கட்டத்துல தண்ணி வரும்னு சொன்னேன்ல. கொஞ்சம் பொறுத்திருக்கலாம்."

"தண்ணிக்காக எந்திரிக்கல சிஸ்டர். தண்ணி இல்லாம நாங்க அம்பது வருஷம் இருந்தோம். இன்னொரு ரெண்டு வருஷம்னா இருந்துட்டுப் போறோம்."

"அப்பறம் எதுக்கு?"

மனுவை எல்லாம் அடுக்கி ரப்பர் பேண்டு போட்டுக்கிட்டே சொன்னா. "நான் தண்ணிக்காக உக்காந்திருக்கேன்னா நெனச்சீங்க? நான் ஒருத்தி உக்காந்தாத் தீர்மானம் ஆயிருமா? அம்புட்டுப் பெரிய கூடத்துல நீங்க ஒத்தையில கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருக்கீங்க. விட்டுட்டு எந்திரிச்சுப் போக மனசு வரல. துணைக்கு இருந்தேன். அன்னிக்குத்தான் கூடம் பூரா ஆளு இருந்துச்சே உங்களுக்கு. இனி நம்ம எதுக்குன்னு போயிட்டேன்."

கோவமாச் சொல்லல. மணி என்னன்னு கேட்டாச் சொல்ற மாதிரி சொன்னா. அதுக்குள்ள யாரோ தெருவிளக்கு எரியலன்னு வந்துட்டாங்க. அவ எந்திரிச்சுட்டா.

நான் தண்ணிக்குன்னுதாம்மா நெனச்சேன். பதினோரு மாசமும், அதுக்கப்பறம் இம்புட்டு வருஷமும், அவ தண்ணிக்குத்தான் உக்காந்திருந்தான்னு நெனச்சேன். வேற எதுக்கு ஒருத்தர் வந்து உக்காரப் போறாங்கன்னு.

கெளம்பறீங்களா? இருங்க, குடையை விட்டுட்டீங்க. சரி, போயிட்டு வாங்க. உங்களுக்கும் வேலை இருக்கும்.

மறுபடி ஒரு நடை வேலுத்தாய் வீட்டுக்குப் போயிட்டு வரணும்னு இருக்கு. ஞாயித்துக்கிழமை காலைல அவங்க வீட்டுலதான் இருப்பாங்களாம், விசாரிச்சு வச்சிருக்கேன். என்னத்தைச் சொல்லிக்கிட்டுப் போறதுன்னுதான் தெரியல. போன தடவையே சும்மான்னு சொல்லியாச்சு. மனு ஏதாச்சும் இருந்தா எடுத்துக்கிட்டுப் போயி அந்தப் பெஞ்சுல உக்காரலாம். காலைல எந்திரிச்சதும் பாக்கறேன். குழாயைத் திறந்தாத் தண்ணி நல்லா வருது. தெருவிளக்கு எரியுது. குப்பை வண்டி ஏழு மணிக்கு டாண்ணு வந்துருது. எங்க தெருவுல ஒரு குறையும் இல்ல.